என் படகும் யசிந்தாவின் கடலும்

ஜூன் 8, சனி

நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு எனக்குக் கிழமைகள் பிடிபடுவதில்லை. செவ்வாயும் வியாழனும் ஒரே முகத்தோடு வந்து போகின்றன. தேதி போட்டு எழுதினாலாவது நாட்கள் கைக்குள் நிற்கும் என்றுதான் இந்தக் கொப்பியை எடுத்தேன்.

இன்று பத்மநாதன் தன் புதுப் படகைக் காட்ட எங்களை ஹேஸ்டிங்ஸ் படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பத்மநாதனும் நானும் உரும்பிராய்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். உரும்பிராயில் கடல் இல்லை, தோட்டமும் கிணறும்தான். அங்கே பிறந்தவன் இன்று மெல்பேர்ணில் பலசரக்குக் கடைகள் வைத்து, வெள்ளைத் தொப்பி போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, பிறந்ததிலிருந்து கப்பலோட்டியவன் மாதிரி நிற்கிறான். படகின் இருக்கைகளில் கடைக்காரன் போட்ட பொலித்தீன் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறான்.

யசிந்தா வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். கலியாணம் கட்டி இருபத்தைந்து வருடத்தில் என் மனைவி கடலில் கால் நனைத்து நான் பார்த்ததில்லை. மகள் ஆரணி சின்னவளாக இருந்தபோது கடற்கரைக்குப் போனால், நானும் பிள்ளையும் மணலில் நிற்போம். யசிந்தா காருக்குள் இருந்து பின்னல் வேலை செய்வாள். கேட்டால் வெயில் ஒத்துவராது என்பாள். இன்று என்ன நினைத்தாளோ, வந்தாள். படகின் முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலையில் படகு தூக்கிப் போட்டபோது நான் இருக்கையை இறுக்கிப் பிடித்தேன். அவள் முழங்காலைச் சற்று மடக்கி நின்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் கடைசியாக எப்போது கண்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

"தங்கச்சிக்குக் கடல் நல்லாப் பிடிச்சுக்கொண்டுது" என்றான் பத்மநாதன். தன் படகில் என் மனைவி சிரித்ததைத் தன் சாதனையாக எடுத்துக்கொண்டான்.

எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. எனக்கும் ஒரு படகு வேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் கேட்டேன். "வாங்குவம்" என்றாள், ஒரே சொல்லில். இரவிரவாக நான் யோசித்து வைத்திருந்த காரணங்கள் எல்லாம் வீண்.

ஜூன் 22, சனி

வாங்கிவிட்டேன். பழைய படகு, ஆனால் உறுதியானது. முன்பக்கம் குனிந்து நுழைகிற ஒரு சின்னக் கூடு, அதற்குள் இரண்டு பேர் ஒடுங்கிப் படுக்கலாம். பின்னால் நின்று மீன் பிடிக்க இடம். எஞ்சின் வயதானாலும் முதல் இழுப்பிலேயே பிடித்தது. படகை ஏற்றிக் காரில் பூட்டி இழுக்கும் றெயிலரில்தான் துரு.

விற்றவர் கோஸ்தா என்ற கிரேக்கக் கிழவர். முழங்கால் இரண்டும் போய்விட்டதாம். நான் யூடியூப்பில் பார்த்தபடி படகின் பக்கங்களை விரல் முட்டியால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டு போனேன். நல்லாய்த்தான் செய்தேன். யசிந்தா பேசாமல் வந்தவள், கடைசியில் ஆங்கிலத்தில் ஒன்று கேட்டாள்: பின்னாலிருந்து பெரிய அலை வந்தால் இது முன்மூக்குக் குத்துமா?

கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நீ என்றார். அதன் பிறகு என்னோடு கதைக்கவே இல்லை. எல்லாவற்றையும் அவளுக்கே காட்டினார்: எந்த ஆணி இளகும், எந்தப் பக்கம் பாரம் வைக்கக்கூடாது என்று. காசு கொடுத்தவன் நான் பக்கத்தில் நின்றேன்.

வரும்போது, "உதெல்லாம் எங்க படிச்சனீர்?" என்று கேட்டேன்.

"யூடியூப்பில" என்றாள்.

நான் பார்த்த காணொளிகளில் அது இல்லை.

ஜூலை 3, புதன்

றெயிலருக்கு இரண்டு டயரும் மாற்றினேன். சில்லுக்குள் இருந்த பெயரிங்குகளைக் கழற்றிக் கழுவி, புது கிறீஸ் அடைத்தேன். கையெல்லாம் கறுப்பு. நெடுநாளைக்குப் பிறகு கை ஒரு வேலையைச் செய்து முடித்ததில் சந்தோஷம்.

யசிந்தா முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து, சீருடையோடு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தாள். நங்கூரக் கயிற்றின் நுனி பிரிந்து கிடந்தது. அவள் என்னோடு கதைத்துக்கொண்டே அதன் இழைகளை விரித்து, திரும்பவும் அதே கயிற்றுக்குள் செருகிச் செருகி ஒரு வளையம் பின்னினாள். கையைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு இல்லத்தில் ஒரு கிழவி பல் செட்டைத் தேநீருக்குள் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உதை எங்க பழகினீர்?"

அவள் குனிந்து கயிற்றைப் பார்த்தாள். அதை வேறு யாரோ பின்னியது போல.

"தெரியேல்லை. கை தன்பாட்டில செய்யுது."

அவள் உள்ளே போனதும் அந்த வளையத்தை வெட்டிவிட்டு, நான் பழகிய முடிச்சைப் போட்டேன். முடிச்சு எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கவேண்டும், அவசரத்தில் அவிழ்க்க வசதி.

ஜூலை 5, வெள்ளி

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. புதுக் கயிறு வாங்கினேன்.

ஜூலை 20, சனி

படகு ஓட்டும் லைசன்ஸுக்கான சோதனை. இருவருமாகப் பதிந்திருந்தோம், அவள் துணைக்கு வருவதாகத்தான் ஏற்பாடு.

நான் ஃபெயில். துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவை எந்தப் பக்கம், பச்சை எந்தப் பக்கம் என்பதில் மாறிவிட்டது. வேறு சிலவும்.

அவள் பாஸ். ஒன்றுகூடப் பிழையில்லையாம். மேசையில் இருந்த பெண் எழுந்து கைகொடுத்தாள். யசிந்தாவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "நீங்கள் பெருமைப்படவேண்டும்" என்றாள். படுகிறேன் என்றேன்.

இனிச் சட்டப்படி அந்தப் படகுக்குத் தலைவி யசிந்தா. அவள் ஏறாமல் நான் இறக்கக்கூடாது.

ஜூலை 21, ஞாயிறு

மழை. படகைப் பார்க்கப் போகவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பூசை முடிந்து ஆட்கள் போனபிறகு தேவாலயத்துக் கார்த் தரிப்பிடத்தில் றெயிலரைப் பின்னுக்கு எடுத்துப் பழகினோம். நான் சைவம், அவள் வேதம், கத்தோலிக்கம். ஞாயிறுகளில் நான் வெளியே நின்று காத்திருப்பது வழக்கம். இன்று காத்திருந்தது போதாதென்று அவமானமும் பட்டேன். ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் றெயிலர் இடது பக்கம் போகிறது. திருத்தப் போனால் கத்திரிக்கோல் மாதிரி மடங்கி நிற்கிறது. பூச்சாடி ஒன்றை உடைத்தேன்.

"கொஞ்சம் இறங்குங்கோ, நானொருக்காப் பாக்கிறன்" என்றாள்.

கையை ஸ்டியரிங்கின் அடியில் வைத்துக்கொண்டு, பின்கண்ணாடியைப் பார்த்தபடி, ஒரே ஓட்டத்தில் கோட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். வாசலில் நின்ற பாதிரியார் கைதட்டினார். எங்கே நின்றானோ, பத்மநாதனும் கைதட்டினான். அவன் வேதமும் இல்லை. மனைவியின் சிநேகிதியைக் கூட்டிப்போக வந்தானாம்.

ஆகஸ்ட் 14, புதன்

மீன் தேடும் கருவியைப் பொருத்தினேன். வயருக்கு ஓட்டையை நேராகவே போட்டேன். தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் புதிது. உயிர்காப்பு அங்கி, வெளிச்சம் விடும் குச்சி, கரையோடு பேசும் வானொலி எல்லாம் வந்துவிட்டன. படகு என் வேலையில் அழகாகிறது. இதற்கு யாரும் கைதட்டுவதில்லை.

ஆகஸ்ட் 31, சனி

முதல் தடவை தண்ணீரில் இறக்கினோம்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் கடையில் கொடுத்து, நீல எழுத்தில் ஒட்டுப்படம் செய்வித்து வைத்திருந்தேன்: யசிந்தா. படகின் மூக்கில் ஒட்டிவிட்டு, படகு இறக்கும் சரிவில் வைத்துத் துணியை நீக்கிக் காட்டினேன்.

அவளுடைய முகம் வெளிறிப்போயிற்று.

"என்ர பேரை வள்ளத்துக்கு வைக்காதேங்கோ."

"ஏன்? ஆக்கள் வைக்கிறதுதானே?"

"வேண்டாம் எண்டால் வேண்டாம். உரியுங்கோ."

வெயிலில் நின்று நகத்தால் சுரண்டினேன். பத்மநாதனின் படகுக்கு அவன் மனைவியின் பெயர் இருக்கிறது; அவள் அதைப் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பினாள். என் மனைவிக்கு நான் கொடுத்தால் மட்டும் குற்றம். அவள் 'வள்ளம்' என்று சொன்னதையும் இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். நாங்கள் இருவரும் இதுவரை படகு, போட் என்றுதான் சொல்லி வந்தோம். கோபத்தில் வேறு சொல் வந்துவிட்டது.

கடலில் அவள்தான் ஓட்டினாள். காற்று தெற்குப் பக்கம் திரும்பியபோது என்னைப் பார்க்காமலே, "சோழகம் எழும்புது, திரும்புவம்" என்றாள். சிறிது நேரத்தில் அலை வெள்ளையாய் உடைந்தது. நான் பக்கத்து இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவளுடைய கைப்பை.

செப்டெம்பர் 14, சனி

நான்கு கிழங்கான் மீன் பிடித்தோம். அவள் மூன்று, நான் ஒன்று. என்னுடையதுதான் பெரிது.

கரையில் பத்மநாதன் வந்து, தமிழ்ச் சங்கத்து மீன்பிடிப் போட்டிக்கு யசிந்தா தன் படகை ஓட்டவேண்டும் என்று கேட்டான். "உன்ர மனிசி மாதிரி ஓட்ட ஒருத்தரும் இல்லை மச்சான்."

"இவர் வந்தால் வாறன்" என்றாள் யசிந்தா.

இரக்கப்பட்டுச் சொன்னாள். மறுத்திருந்தால் பரவாயில்லை. தனியாகப் போயிருந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

செப்டெம்பர் 18, புதன்

கேட்டுவிட்டேன். சாப்பாட்டு மேசையில், எந்த முகாந்திரமும் இல்லாமல்.

"ஆர் உமக்குப் படகு ஓட்டப் பழக்கினது?"

அவள் கோப்பையில் தண்ணீர் ஊற்றினாள். "ஏன் இப்ப?"

"யூடியூப் எண்டு சொல்லாதேயும். நான் விசரன் இல்லை."

"பேசாலையில ஒருத்தன். பக்கத்து வீட்டுப் பொடியன்."

"பேர்?"

"சவிரியன்."

அவ்வளவுதான். எழும்பிப்போய்ச் சீருடைக்கு இஸ்திரி போட்டாள். அவளுக்கு ஊர் மன்னார்ப் பக்கம், பேசாலை என்று தெரியும். தொண்ணூறில் சண்டை நேரம் தகப்பனோடும் தாயோடும் கடல்வழியாக இந்தியாவுக்குப் போனவள் என்றும் தெரியும். ஆயிரக்கணக்கான சனம் போனது; என்ன கேட்பதற்கு இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. டன்டினோங்கில் ஆங்கில வகுப்பில் நான் சந்தித்தபோது அவள் எல்லாரோடும் குறைவாகவே கதைப்பாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

சவிரியன். நல்ல உயரமாக இருந்திருப்பான்.

செப்டெம்பர் 21, சனி

அவள் கடலுக்குப் போவோமா என்று கேட்டாள். தலையிடி என்றேன். மாலையில் ஆரணி சிட்னியிலிருந்து பேசினாள். "அம்மா போட் ஓடுறது சூப்பராமே அப்பா!" என்றாள். பத்மநாதன் காணொளி அனுப்பியிருக்கிறான். அதில் நான் கயிறு சுற்றிக்கொண்டு நிற்கிறேனாம்.

செப்டெம்பர் 26, வியாழன்

விரல்கள் இன்னும் விறைப்பு. எழுத்து கோணலாக இருக்கும்.

அவள் வேலைக்குப் போனபின் நான் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனேன். லைசன்ஸ் இல்லை, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். றெயிலரை இறக்கும்போது சரிவில் யாருமே இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. என் கையில் ஸ்டியரிங். நானே மிதவைகளைச் சரியான பக்கத்தில் விட்டு ஓடினேன். வாய்விட்டுப் பாடினேன் என்றுகூட எழுதலாம்.

ஃபிரெஞ்சுத் தீவைத் தாண்டித் தூண்டில் போட்டு இருந்தேன். மீன் கடித்தது, கடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் வற்றுவதைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது படகைச் சுற்றிச் சேறு தெரிந்தது. எஞ்சினைப் போட்டேன்; சேற்றைக் கடைந்து கறுப்பாய்த் துப்பிவிட்டு நின்றது. படகு ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்தது.

வானொலியில் உதவி கேட்டால் லைசன்ஸ் கேட்பார்கள். பத்மநாதனைக் கேட்பதைவிடச் சேற்றுக்குள்ளேயே இருந்துவிடலாம். வேறு வழியில்லாமல் அவளுக்கு எடுத்தேன்.

ஏன் போனீர்கள் என்று கேட்கவில்லை. "எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். "காத்துப் பக்கமோ?" ஓம் என்றேன். உடனே சொல்லத் தொடங்கினாள். "தண்ணி திரும்பி ஏறேக்க அலை நேர உள்ளுக்கு அடிக்கும். சாமான் எல்லாத்தையும் மற்றப் பக்கம் தூக்கி வையுங்கோ. அங்கியைப் போடுங்கோ. இறங்கி நடக்க மட்டும் வெளிக்கிடாதேங்கோ, அந்தச் சேறு ஆளை இழுக்கும்."

தண்ணீர் ஏறத் தொடங்கியபோது காற்றும் எழும்பியது. அவள் சொன்னபடியே அலை சரிந்த பக்கத்தால் ஏறி உள்ளே விழுந்தது. நான் பூட்டிய மோட்டார் இறைத்து இறைத்துக் களைத்தது. வாளியால் அள்ளி ஊற்றினேன். படகு எழும்பாமல், போகாமல், தரையில் மோதி மோதி அதிர்ந்தது. மண்டையிலும் பல்லிலும் அதே அடி. ஆரணியை நினைத்தேன். நினைக்கத் தகுந்த வேறு ஒன்றும் வரவில்லை.

பிறகு பத்மநாதனின் படகு தெரிந்தது. ஓட்டியது அவன் இல்லை. அவன் முன்னால் கயிற்றோடு குந்தியிருந்தான், முகம் வெளுத்து. சீருடைக்கு மேலே அங்கி போட்டு, தலைமயிர் முகத்தில் அடிக்க, எழுந்து நின்று ஓட்டியது யசிந்தா. அவள் ஆழமான கோட்டை மட்டும் பிடித்து, வளைத்து வளைத்து வந்தாள். அந்தக் கோடு என் கண்ணுக்குத் தெரியவில்லை.

"கயித்தை மூக்கில கட்டுங்கோ!" என்று கத்தினாள். அவளுடைய தொண்டையில் அப்படியொரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. "பின்னால இல்லை! மூக்கில! மூக்கில!"

கட்டினேன். அவள் இழுத்த முதல் இழுப்பில் என் படகு திரும்பி அலைக்கு முகம் கொடுத்தது. அடுத்ததில் சேற்றை விட்டது.

கரையில் பத்மநாதன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். "மச்சான், நான் ஓடியிருந்தால் ரெண்டு படகும் போயிருக்கும். தங்கச்சிதான்…"

எனக்குப் பல் கிட்டியது. உயிர் தப்பி நிற்கிறேன். அந்த நேரத்திலும் நெஞ்சுக்குள் எரிந்தது எதுவென்று எனக்குத் தெரியும். முதல் நாளே இந்தக் கொப்பியில் இல்லை என்று எழுதிய அந்தப் பொறாமைதான்.

செப்டெம்பர் 29, ஞாயிறு

மத்தியானம். அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் முன்னால் போய் இருந்து, "சவிரியனைப் பற்றிச் சொல்லும்" என்றேன். அதிகாரமாகக் கேட்க நினைத்துப் போனேன். குரல் அப்படி வரவில்லை.

அவள் உரிப்பதை நிறுத்தாமல் சொன்னாள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவனுக்குப் பத்தொன்பது வயசு. எனக்குப் பதினேழு. அவங்கட வள்ளத்தில எனக்கு ஓடப் பழக்கினவன். பின்னேரத்தில, ஆக்களுக்குத் தெரியாமல். வள்ளத்தின்ர மூக்கில என்ர பேரைச் சின்னனாய் எழுதி வைச்சிருந்தவன். ஆரும் கேட்டால் ஏதோ புனிதையின்ர பேர் எண்டு சொல்லுவான்.

"சண்டை துவங்கினாப் பிறகு சனத்தை அக்கரைக்கு ஏத்தினவன். எங்களையும் ஏத்தினான். நடுக்கடலில எங்கயோ இருந்து வெடி. ஆர் சுட்டதெண்டு இண்டுவரைக்கும் தெரியாது. எல்லாரும் படுத்திட்டினம். நிமிர்ந்து பாத்தால் அவன் எஞ்சின் கைபிடியில சாய்ஞ்சிருக்கிறான். நான் போய்ப் பிடிச்சன். அவன்ர கைக்கு மேலதான் பிடிச்சன். பிறகு அந்தக் கையை எடுத்துக் கீழ வைச்சிட்டு வள்ளத்தை ஓடினன்."

வெங்காயத்தை நறுக்கினாள்.

"விடியேக்க இந்தியாப் பக்கத்து மணல் தீடை தெரிஞ்சுது. சனம் சொல்லிச்சுது, செத்த ஆளோட போய் இறங்கினால் எல்லாரையும் பிடிச்சு வைப்பாங்கள், பிள்ளை குட்டியள் கிடக்கு எண்டு. என்னட்டைக் கேட்டினம். ஏன் என்னட்டைக் கேட்டினமோ தெரியாது. வள்ளத்தை நான் ஓடினபடியாலாக்கும். நான் தலையாட்டினன். அவனை மெதுவாத்தான் தண்ணியில இறக்கினம். ஒரு ஐயா செபம் சொன்னவர்."

கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

நான் ஆறுதல் சொல்லியிருக்கவேண்டும். நான் கேட்டது இது: "அவனை விரும்பினனீரோ?"

"ஓம்."

"இப்பவும்?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. களைப்புத்தான்.

"அவனுக்கு இப்பவும் பத்தொன்பது வயசப்பா. எங்கட ஆரணியை விடச் சின்னன்."

ஒக்டோபர் 1, செவ்வாய்

நித்திரை இல்லை. ஐம்பத்தைந்து வயது, தொந்தி, வேலையில்லை, லைசன்ஸ் இல்லை. எதிரே ஒரு பொடியன், அவனுக்கு நரைக்காது. அவன் ஒருநாளும் பூச்சாடியை உடைக்கமாட்டான். அவளுடைய பெயரைப் படகில் எழுதுகிற யோசனைகூட அவனுக்குத்தான் முதலில் வந்தது.

படகை விற்கப்போகிறேன் என்று சொன்னேன். பராமரிப்புச் செலவு அதிகம் என்று காரணம் சொன்னேன். "உங்கட விருப்பம்" என்றாள்.

ஒக்டோபர் 12, சனி

வாங்க ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள், வயது முப்பதுக்குள். நான் வரும்போதே யசிந்தா படகைக் கழுவி, இருக்கைகளைத் துடைத்து, கயிறுகளைச் சுருட்டி வைத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. கோஸ்தா தனக்குக் காட்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் அந்தப் பெண்ணுக்குக் காட்டினாள்: எந்த ஆணி இளகும், எந்தப் பக்கம் பாரம் கூடாது.

அவனுக்குப் பிடித்துவிட்டது. அவன் மனைவி மட்டும் யசிந்தாவின் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு இது இல்லாமல் கஷ்டமாக இருக்காதா?" என்று கேட்டாள்.

"இது அவருடைய படகு" என்றாள் யசிந்தா. சாதாரணமாகச் சொல்லிவிட்டு, துடைத்த துணியைப் பிழிந்தாள்.

முப்பது வருடத்துக்கு மேல் கடலைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தவள். இந்த வருடம்தான் பார்த்தாள். இப்போது ஒரு சத்தமும் போடாமல் திருப்பிக் கொடுக்கிறாள். பதினேழு வயதிலும் இப்படித்தான் தலையாட்டியிருப்பாள். அன்றைக்குக் கேட்ட சனத்துக்குப் பயம் இருந்தது, பிள்ளைகுட்டி இருந்தது. எனக்கு என்ன இருக்கிறது?

விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். நான் விலை ஏற்றப் பார்க்கிறேன் என்று நினைத்து அவன் கூட்டிக் கேட்டான். பிறகு கோபித்துக்கொண்டு போனான்.

யசிந்தா நன்றி ஒன்றும் சொல்லவில்லை. படகின் மூடுதுணியை எடுத்து ஒரு பக்கத்தை இழுத்தாள். மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன்.

ஒக்டோபர் 19, சனி

லைசன்ஸ் எடுத்துவிட்டேன். மூன்று பிழை. பாஸ், பாஸ்தான்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

இருவருமாகப் போனோம். போகும்போது நான், வரும்போது அவள். ஒரு ஸ்னாப்பர், தூக்க முடியாத பாரம். பிடித்தது அவள். வலையில் ஏந்தியது நான். மனத்துக்குள் இன்னும் குத்துகிறது, ஆனால் குழம்பு நன்றாக இருந்தது.

நவம்பர் 2, சனி

காலையில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள்.

"இண்டைக்கு மரித்த ஆத்துமாக்களின்ர நாள். எல்லாரும் கல்லறைக்குப் போவினம்." கார்த் திறப்புக் கொத்தைக் கையில் வைத்து உருட்டினாள். "நான் ஒருக்காக் கடலுக்குப் போட்டு வரட்டோ? தனிய."

போகவேண்டாம் என்று வாய்வரை வந்தது. நானும் வருகிறேன் என்று சொல்லவும் வந்தது. காற்று எப்படி என்று மட்டும் கேட்டேன்.

"நல்லாக் கிடக்கு. வாடைக் காத்து."

ஹேஸ்டிங்ஸில் நானே றெயிலரைப் பின்னுக்கு எடுத்தேன். ஒரு தரம் கோணினாலும் நேராக்கிவிட்டேன். அவள் ஏறினாள். தோட்டத்து மல்லிகைப்பூ கொஞ்சம் பேப்பரில் சுற்றி வைத்திருந்தாள். நான் மூக்கைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். எஞ்சின் பிடித்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

துறைமேடையில் உட்கார வாங்கு இருக்கிறது. உட்கார முடியவில்லை. நடந்தேன். படகு ஒரு புள்ளியாகி, தீவுக்குப் பக்கத்தில் நின்றது. எஞ்சினை நிறுத்தியிருக்கவேண்டும். அங்கே என் மனைவி அவனோடு தனியாக இருக்கிறாள். என்ன கதைப்பாள்? என்னிடம் சொல்லாத என்னென்ன அவனுக்குத் தெரியும்? கடற்காகங்களுக்குச் சிப்ஸ் போடும் ஒரு குடும்பம் பக்கத்தில் நின்றது. அந்தத் தகப்பன் என்னைப் பார்த்து, மனைவியை எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டான். ஓம் என்றேன். படகு ஓட்டுவாளா என்றான். என்னைவிட நன்றாக ஓட்டுவாள் என்றேன். சொல்லிவிட்டு நானே திரும்பிப் பார்த்தேன், வேறு யாரும் சொன்னார்களோ என்று.

மத்தியானத்துக்குக் கிட்ட வந்தாள். கண் வீங்கியிருந்தது, மூக்கு சிவந்திருந்தது. கயிற்றை எறிந்தாள், பிடித்துக் கட்டினேன். படகை ஏற்றி, தண்ணீர் வடியவிட்டு, இருவருமாக நன்னீரால் கழுவி முடித்தோம்.

காருக்குள் ஏறியதும், "பசிக்குது" என்றாள். வழியில் வாங்கிய கட்லிஸை இருவருமாகத் தின்றோம். டன்டினோங் பாதைக்குத் திரும்பும்போது அவளாகவே சொன்னாள்.

"உங்களப் பற்றித்தான் கூடக் கதைச்சன்."

எனக்கு ஸ்டியரிங் இலேசாய் ஆடியது. "என்னைப் பற்றி என்னத்தைச் சொன்னனீர்?"

"அதை ஏன் உங்களுக்கு? அது எனக்கும் அவனுக்கும்."

ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வீடு வரும்வரை எனக்குள் எரிந்துகொண்டே வந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது, "என்னப்பா, உங்கட பாட்டில சிரிக்கிறியள்?" என்று கேட்டாள். கண்ணைத் திறந்து எப்போது பார்த்தாளோ தெரியாது.